நகரக் கூடாத விளக்கு

எங்கள் மாமாவுக்குக் ‘கொசு’ என்று பெயர் விழுந்ததற்கு நான்தான் காரணம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் தீபாவளிக்கு வீட்டில் கூட்டம் சேர்ந்தால் யாராவது ஒருவர் அந்தப் பெயரை எடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள், மாமாவும் சிரிப்பார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடித்த பிறகு புக்கிட் ரோத்தானில் புதிதாகக் கட்டிய மலிவு விலை வீட்டு வரிசைக்கு வந்திருந்தோம். கூட விளையாடிய பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள், ஒருத்தி உலு யாமுக்கு, இன்னொருத்தி கிள்ளானுக்கு. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் இன்னும் யாரும் குடிவரவில்லை. பள்ளி விட்டு வந்தால் அம்மா வேலை முடிந்து வரும் வரை நானும் டிவியும்தான். விளம்பரம் வந்தால்கூட மாற்றாமல் பார்ப்பேன், அதிலாவது ஆட்கள் பேசுகிறார்களே என்று.

பின்னறையில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. மோட்டார் சைக்கிளில் விழுந்ததில் வலது முழங்காலில் தகடு வைத்திருந்தார்கள். நடப்பார், ஆனால் சேற்றிலும் படியிலும் அந்தக் கால் அவர் சொன்னதைக் கேட்காது. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் காலைத்தான் முதலில் பார்த்தார்கள் என்று அம்மா ஒருமுறை பொருமினாள். ஒரு பேரங்காடியில் வாசல் காவலாளியாக இருந்தார். வேலைக்குப் போவார், வருவார், சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவார். மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் ஆளே மாறிவிடுவார். அது அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமை.

அன்று ராத்திரிதான் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் கடலில் மீன் குத்தப் போவார்கள். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் மோட்டார் பழுது பார்க்கும் வர்க்‌ஷாப் அங்கிள், நல்ல கனத்த உடம்பு. இன்னொருவர் சூசை அங்கிள், ஆலைத் தொழிலாளி, ஞாயிறு காலை எத்தனை மணிக்குப் படுத்தாலும் கோயில் பூசைக்குத் தவறாதவர். நிலா இல்லாத ராத்திரியில் கடல் வெகுதூரம் வற்றும். முழங்கால் தண்ணீரில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நடந்தால் தரையில் படுத்திருக்கும் திருக்கையும் கெளுத்தியும் நண்டும் கண்ணில் படும். ஆளுக்கொரு மூன்று முனை ஈட்டி வைத்திருந்தார்கள்.

இதில் அம்மாவுக்கு ஒரு சங்கடம் உண்டு. அமாவாசை அன்று எங்கள் வீட்டில் தாத்தாவுக்குப் படைத்துவிட்டுச் சைவம்தான் சாப்பிடுவோம். சில மாதம் மீன் குத்தும் சனிக்கிழமையே அமாவாசையாகிவிடும். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டால் அமாவாசை முடிந்த கணக்குத்தான் என்று அப்பா வாதாடுவார். அப்படியெல்லாம் கிடையாது, விடிந்தால்தான் நாள் என்பாள் அம்மா. கடைசியில் மீன் விடியும் வரை சூசை அங்கிள் வீட்டு ஐஸ்பெட்டியில் இருக்கும். கிறிஸ்துவர் வீட்டில் இருக்கிற மீனுக்கு அமாவாசை இல்லை என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள்.

மாமாவால் சேற்றில் இறங்க முடியாது. அவருடைய வேலை கரையில் விளக்குப் பிடிப்பது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் உயிர் அதில்தான் இருந்தது. நாங்கள் இறங்கும் இடத்தில் சிப்பி படிந்து கெட்டியான ஒரு பாதை மட்டும் உண்டு. அதற்கு இடப்பக்கம் தோட்டத்துத் தண்ணீர் கடலில் விழும் பெரிய வாய்க்கால். அதன் வாய் முழுக்க இடுப்பளவு சேறு, தண்ணீர் ஏறினால் ஆளை மூழ்கடிக்கும். இருட்டில் கரை முழுக்கச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்டல் மரக் காடு, எது பாதை எது வாய்க்கால் என்று தெரியாது. அதனால் பாதைக்கு நேராக ஒரு கம்பில் சார்ஜ் விளக்கைக் கட்டி, நீல பிளாஸ்டிக் பையால் மூடி வைப்பார்கள். எவ்வளவு தூரம் போனாலும் திரும்பும்போது நீல வெளிச்சத்தைப் பார்த்து நேராக நடந்தால் போதும். வெளிச்சம் அணையக் கூடாது, நகரக் கூடாது. தண்ணீர் திரும்பும் நேரம் பார்த்து மாமா விசில் ஊதுவார். அந்த ஒரு ராத்திரி மூன்று பேரின் உயிர் அவர் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமையே விளக்கைத் துடைத்து சார்ஜில் போடுவார், பாட்டு முணுமுணுப்பார், என்னைக் கூப்பிட்டு விசிலை ஊதிக் காட்டுவார்.

நானும் வருகிறேன் என்று ஆறு மாதம் நச்சரித்தேன். பொட்டைப் பிள்ளைக்கு நடுராத்திரியில் கடலில் என்ன வேலை என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். மாமாதான் எனக்காகப் பேசினார். பிள்ளை வீட்டில் தனியாகவே கிடக்கிறது, மாதம் ஒருநாள் நாலு பேரோடு இருந்துவிட்டு வரட்டும் என்றார். அப்பா யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

“இருட்டப் பாத்துப் பயந்து ஒரு சத்தம் போட்டாலும் அதோட சரி. மறுபடி வர்றேன்னு கேக்கக் கூடாது.”

நான் எந்தச் சாமிமேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். முதல் இரண்டு மாதம் நன்றாகவே போனது. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கக் கற்றுக்கொண்டேன். அப்போதுதான் மண்ணில் படுத்திருக்கும் திருக்கை மிதிபடாமல் ஒதுங்கிப் போகும். தண்ணீருக்குள் மீன் தெரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே குத்த வேண்டும் என்பதும் பிடிபட்டது. இரண்டாம் மாதம் ஒரு கெளுத்தியைக் குத்தினேன். திரும்பி வரும்போது வேனில் பெரியவர்கள் நான்கு பேரும் பேசும் பேச்சில் எனக்கும் இடம் கிடைத்தது. என் வயதில் அதைவிடப் பெரிய கௌரவம் இருந்ததாக நினைவில்லை.

மூன்றாம் மாதம் அப்பா ஒரு பெரிய திருக்கையின் தடத்தைப் பார்த்துவிட்டார். பழைய மீன்பிடிக் கூண்டின் கம்பு ஒன்று தண்ணீரில் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு கூடையோடு நில், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பா கடலின் வெளிப்பக்கம் போனார். மற்ற இருவரும் இன்னும் தொலைவில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் தலைவிளக்கு மங்கி, இரண்டு முறை கண் சிமிட்டி அணைந்தது. தட்டிப் பார்த்தேன். வரவில்லை. அப்பாவின் வெளிச்சமும் எங்கோ மறைந்துவிட்டது.

அந்த மாதிரி இருட்டை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. என் கை எனக்குத் தெரியவில்லை. காலைச் சுற்றி ஏதோ உரசிக்கொண்டு போனது. காலி வீடுகளுக்கு நடுவில் தனியாக இருந்த எல்லாச் சாயங்காலமும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததுபோல் இருந்தது. நான் இங்கே நிற்கிறேன் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். தெரிந்த ஒரே பொருள் கரையில் இருந்த நீலப் புள்ளி. அப்பாவைக் கூப்பிட்டால் வாக்கு போய்விடும். அதனால் மாமாவைக் கூப்பிட்டேன். முதலில் மெதுவாக, பிறகு பலமாக, மூன்றாவது தடவை அழுகையோடு.

நீலப் புள்ளி அசைந்தது. கரையோரமாக ஆடி ஆடி வந்து எனக்கு நேர் எதிரே நின்றது, உயரத் தூக்கிப் பிடித்ததுபோல் மேலே போனது. எனக்கு மூச்சு வந்தது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி தைரியமாகிவிட்டது. கூப்பிடுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அப்பா திருக்கை இல்லாமல் வெறுங்கையோடு வந்தபோது, விளக்கு போய்விட்டது, சும்மாதான் நின்றேன் என்று சொன்னேன். அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்போதுதான் வர்க்‌ஷாப் அங்கிள் கத்தும் சத்தம் கேட்டது. தண்ணீர் திரும்பிவிட்டிருந்தது. விசிலும் வரவில்லை. அவர் தொலைவிலிருந்து, வாய்க்கால் பக்கம் நகர்ந்துவிட்ட நீல வெளிச்சத்தைப் பார்த்து, அதுதான் பாதை என்று நேராக வந்து வாய்க்கால் சேற்றில் இறங்கிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இடுப்பு வரை புதைந்து, நெஞ்சு வரை தண்ணீரில் இருந்தார். அலை ஒவ்வொன்றும் தாடையில் மோதிக்கொண்டிருந்தது. அப்பாவும் சூசை அங்கிளும் ஈட்டிகளைக் குறுக்கே கிடத்தி, அதைப் பிடிக்கச் சொல்லி, அரை மணி நேரம் போராடி அவரை வெளியே இழுத்தார்கள். கரையில் அவர் குப்புறப் படுத்து உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள், கடைசி பிள்ளை அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது.

மாமா கண்டல் வேர்களில் விழுந்து எழுந்து வந்து சேர்ந்தார். நொண்டும் காலில் ரத்தம் வழிந்தது. கையில் விளக்கு இருந்தது.

“ஏன் மச்சான் வெளக்க நகத்தின?” என்று அப்பா கேட்டார். குரலை உயர்த்தாமல் கேட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமா விளக்கைக் கீழே வைத்தார். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்று தரையையே பார்த்தேன். நான் கூப்பிட்டேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அது தொண்டை வரை வந்தது, வாக்கு நினைவுக்கு வந்தது, திரும்பி உள்ளே போய்விட்டது.

“கொசுக்கடி தாங்கல மச்சான்,” என்றார் மாமா. “காத்து வர்ற பக்கமா கொஞ்சம் தள்ளி ஒக்காரலாம்னு போனேன்.”

கொசுவா என்று சூசை அங்கிள் ஒரு முறை கேட்டார், நம்ப முடியாதவர்போல. அப்பா ஈட்டிகளைப் பொறுக்கி எடுத்தார். வேனில் மாமா பின்னால் ஈட்டிகளோடு உட்கார்ந்துகொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அப்பா அதைச் சொன்னார்.

“வெளக்க நகத்துறவன நம்பி இனிமே கடல்ல எறங்க முடியாதுலா.”

மாமா தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அவருக்கு என் குரல் கேட்கவே இல்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன். கொசு என்று அவரே சொன்ன பிறகு எனக்கென்ன. அன்று காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்தது, நான் முனகியிருந்தால்கூட அவருக்குக் கேட்டிருக்கும் என்பது எனக்குப் புரியப் பல வருடமானது. காற்றுக்கு எதிராக அவர் பதில் கொடுத்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது, அதனால்தான் விளக்கைத் தூக்கிக் காட்டினார் என்பதும் அப்படித்தான். பதினொரு வயதில் மனசாட்சிக்கு ஒரு கொசு போதுமானதாக இருந்தது.

அடுத்த அமாவாசைக்கு அப்பா விளக்கை இரும்புக் கம்பியால் அந்தக் கம்போடு முறுக்கிக் கட்டினார். விசிலுக்குப் பதிலாகக் கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்தார்கள். கம்பிக்குக் கொசு கடிக்காது என்று வர்க்‌ஷாப் அங்கிள் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். கல்யாண வீடுகளில், மாமா வந்து உட்கார்ந்தால் யாராவது கொசுவத்தி கேட்பார்கள். அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். அவருடைய கைபேசிக்கு அழைப்பு வருவது நின்றது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கைத் துடைத்து, சார்ஜில் போட்டு, அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் இரண்டு நாள் பேசமாட்டாள். நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். வேனின் நடு இருக்கையில், அவர் உட்கார்ந்த இடத்தில், இப்போது நான் உட்கார்ந்து போனேன்.

ஒரு தடவை நாங்கள் திரும்பும்போது விடியற்காலை மூன்று மணி. மாமா பின்பக்கக் குழாயடியில் விழித்து உட்கார்ந்திருந்தார். அன்று அமாவாசை தாண்டிய மறுநாள் என்பதால் மீன் நேராக வீட்டுக்கே வந்திருந்தது. வாளியை வாங்கிச் சுத்தம் செய்யத் தொடங்கினார். தண்ணீர் எப்போது திரும்பியது, காற்று எந்தப் பக்கம், பாதையில் சிப்பி இன்னும் கெட்டியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். தனியாக நின்றாயா என்று கேட்டார். நின்றேன் என்றேன்.

“இருட்டு பயமா இல்லையா?”

“எனக்கு எப்பவுமே பயம் கெடையாது மாமா. அன்னிக்கும் கெடையாது.”

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு மீனை எடுத்துச் செதிலைச் சுரண்டினார்.

“தெரியும்லா பாப்பா,” என்றார். “யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு.”

நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி. காலைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.