துரைசானி குடித்த தண்ணீர்

துருப்பிடித்த தூண்டில் முள்ளை வாயில் போட்டுச் சப்பினால் எப்படி இருக்கும்? அந்தத் தண்ணீர் அப்படித்தான் இருந்தது. போதாக்குறைக்கு உவர்மண்ணாகக் கரித்தது, புளித்த கள்ளைப்போல நாக்கைச் சுருக்சுருக்கென்று குத்தியது. தூ என்று துப்பினேன்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஆண்ட காலம். துரை வீட்டில் நான் பாத்திரம் கழுவினேன். என் அண்ணி தண்ணீர் சுமந்தாள். வயிற்றுவலியில் கிடந்த துரைசானிக்காக அவர்கள் தேசத்து ஊற்றுத் தண்ணீர் ஆறு ஜாடி கப்பலில் வந்து இறங்கியது. பாறைக்குள்ளிருந்து வருவது, இரும்பும் உப்பும் கரைந்தது, பொங்கினால்தான் மருந்து என்று துரையின் பேச்சை எங்களுக்குத் தமிழில் சொல்லும் துபாஷி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அப்போது மணல்மேட்டில் இருந்தாள்.

எங்களுக்கு ஏரியும் உப்பு, கிணறும் உப்பு. தண்ணீர் சுமக்கிறவள் ஒவ்வொருத்தியும் மணலில் தனக்கென்று ஓர் ஊற்றுத் தோண்டி ஓலை போட்டு மூடி வைப்பாள். இடத்தை யாருக்கும் சொல்லமாட்டாள். அண்ணியின் தண்ணீரில் போட்ட பருப்பு வெண்ணெயாகக் குழையும். ஊரே மெச்சும். அவள் நல்லவள் வேறு. தாலியறுத்து வந்த எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் தான் உட்காருவாள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வந்து ஒரு ஜாடியின் தக்கையைப் பிடுங்கினாள். நுரை பொங்கி வழிந்தது.

"இன்னாடி இது, நொதிச்சுப் போயிருக்கு? இத்தக் குடிச்சா அந்தம்மா செத்துடும். கொட்டிடட்டா?"

"உன் இஷ்டம் அண்ணி" என்றேன்.

ஆறையும் கொட்டிக் கழுவி, தன் ஊற்றுத் தண்ணீரை நிரப்பி வைத்தாள். அதுவரை உள்ளூர்த் தண்ணீரை வாயில் வைக்காமல் சாராயமே குடித்துக்கொண்டிருந்த துரைசானி, கப்பல் தண்ணீர்தான் என்று நம்பிக் குடித்தாள். நாலே நாளில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. துபாஷியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

கோட்டை வாசலில் நிறுத்தி அண்ணியைப் பிரம்பால் அடித்தார்கள். என்னிடம் கேட்டுத்தான் கொட்டியதாகச் சொல்லி அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் அவள்மேல்தான் ஆத்திரப்பட்டேன்.

தண்ணீர் சுமக்கும் வேலை எனக்கு வந்தது. துரைசானியோ அந்த மணல் தண்ணீரே வேண்டும் என்றாள். கண்ட இடத்திலெல்லாம் தோண்டினேன். பருப்பு கூழாங்கல்லாகவே கிடந்தது. துரைசானி ஒரு வாய் குடித்துத் துப்பினாள். வலி திரும்பிவிட்டது. வேறு வழியில்லாமல் அண்ணியிடம் போனேன். குப்புறக் கிடந்தாள்.

"அந்தம்மாவுக்கு மறுபடி வலியா?" என்றாள். "தாழம்புதருக்குக் கெழக்கே, ரெட்டைப் பனைக்கு நேரா தோண்டு. மொதல்ல ஊறுறத எறைச்சுட்டு அப்பால மொள்ளு."

துரைசானி பிழைத்தாள். என் தண்ணீர்தான் தன்னைக் காப்பாற்றியது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். அண்ணியால் அதன் பிறகு குடம் தூக்க முடியவில்லை. அந்த ஊற்றைக் குப்பத்தில் இன்றும் என் பேர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். நான் ஒருநாளும் திருத்தியதில்லை.