ஒரே கேள்வியை இரண்டு முறை

செய்தி வந்தபோது மணி ஒன்பது இருபது. வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்களைப் படித்திருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் நின்று, "டீச்சர், கொஞ்சம் வெளிய வாங்க" என்றார்.

"ரெண்டாங்கிளாஸ் டீச்சர் போயிட்டாங்க. ஆஸ்பத்திரியிலேருந்து அவங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரு."

உள்ளே வந்து மீதிப் பெயர்களையும் படித்து முடித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

என் மூன்றாம் வகுப்புக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. இரண்டு இரும்பு அலமாரிகள்தான். பதினோரு வருடம் அவர் பாடம் நடத்தியதை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் டீச்சர்'. பதில் தப்பாக இருந்தால் "ஏன்?" என்பார். சரியாக இருந்தாலும் அதே குரலில் "ஏன்?" என்பார். ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும். தங்களுக்குள்ளேயே ஏன் ஏன் என்று கேட்டு என் வகுப்பில் என்னைப் பாடம் நடத்த விடாமல் செய்வார்கள்.

குழந்தையின் அறிவு எப்படி வளர்கிறது என்று ஆசிரியப் பயிற்சியில் இருவரும்தான் படித்தோம். நான் தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோனேன். அவர் அதை வகுப்புக்குள் கொண்டுவந்தார். முதலில் கையால் தொட்டு எண்ணுவது, பிறகு படம், கடைசியில்தான் எண். ஒரு கணக்கு நேற்றுத்தான் புரிந்த பிள்ளையை, நாளை புரியப்போகிற பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைப்பார். "நமக்குப் புரிஞ்சு முப்பது வருஷமாச்சு. எங்க இடறும்னு அவனுக்குத்தான் ஞாபகம் இருக்கும்" என்பார்.

போன ஆண்டுக் கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டே இருப்பதால் எல்லோரும் எலி என்று கூப்பிடும் பெண் ஒருத்தி, கணக்குத் தேர்வில் அநேகமாக வெற்றுத்தாளையே கொடுத்திருந்தாள். தலைமையாசிரியை எங்களை வகுப்பு எண்ணால்தான் கூப்பிடுவார். "ரெண்டு, உங்க எலி இன்னொரு வருஷம் அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் அவளுடைய தம்பி இரண்டாம் வகுப்புக்கு வருகிறான். தையல் வேலை செய்யும் அவள் அம்மா ஓடிவந்தார். "வீட்டுல அவன் பண்ற கிண்டலே தாங்கல டீச்சர். ஒரே பெஞ்சுல உக்காந்தா இவ பள்ளிக்கூடமே வேணாம்னுடுவா."

"தாள்ல வராதது தலையில இல்லன்னு அர்த்தமில்ல மேடம். நேர்ல பாருங்க" என்று தலைமையாசிரியையை வகுப்புக்கு அழைத்துவந்தார் ஏன் டீச்சர். அலமாரி இடுக்கு வழியாக நானும் பார்த்தேன். மேசைமேல் ஆறு சிவப்பு பட்டன்கள், எதிரே ஆறு வெள்ளை பட்டன்கள்.

"ரெண்டும் சமமா, ஒண்ணுல அதிகமா?"

"சமம்."

வெள்ளை வரிசையை அகலமாக விரித்தார். "சமமா, ஒண்ணுல அதிகமா?"

எலி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பென்சில் வாய்க்குள் போனது. "வெள்ளைதான் அதிகம்."

"நல்லா இருக்கு" என்று தலைமையாசிரியை எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் ஏன் டீச்சர் அலமாரியைத் தட்டி, "தப்பு என்னுதுதான்டி" என்றார்.

"ஏன்க்கா, வெள்ளை அதிகம்னு நீங்களா சொன்னீங்க?"

"சிரிக்காத. ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேட்டேன். நம்ம ஸ்கூல்ல எப்ப ரெண்டாவது தடவை கேப்போம்? முதல் பதில் தப்புன்னாதானே? புள்ள பட்டனப் பாக்கவே இல்ல. என் மூஞ்சியப் பாத்துப் பதிலை மாத்திடுச்சு. நான் ஏன்னும் கேக்கல பாரு. மேடம் பாக்குறாங்கன்னு நானே அவசரப்பட்டுட்டேன்."

அன்று காலையில் மட்டும் நான் எத்தனை பேரிடம் "திரும்பச் சொல்லு" என்றேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் நேரே தலைமையாசிரியையிடம் போனார். "நான் கேட்ட விதம் தப்பு மேடம். புள்ள மேல தப்பில்ல."

"மறுபடியுமா?"

"இந்தத் தடவை ஒரே ஒரு கேள்விதான். அதையும் நீங்களே கேளுங்க."

ஒவ்வொரு சிவப்புக்கும் எதிரே ஒரு வெள்ளையை எலியே வைத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைமையாசிரியை வெள்ளை வரிசையை மேசை விளிம்புவரை விரித்துவிட்டு, அதன் பிறகுதான் கேட்டார். "எது அதிகம்?"

"சமம்தான்."

"ஏன்?" இது எங்கள் டீச்சர்.

"மேடம் தள்ளித்தானே வச்சாங்க? யாரும் எடுக்கலையே." கேட்டவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல இருந்தது எலியின் குரல்.

தலைமையாசிரியை வெள்ளை பட்டன்களை விரலால் ஒருமுறை எண்ணினார். "சரி, மேல அனுப்புங்க. ஆனா கழித்தல் வரலேன்னா மூணுதான் எனக்குப் பதில் சொல்லணும்."

எலி இப்போது என் வகுப்பில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி அலமாரிக்கு அந்தப் பக்கம்.

இன்று இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து கிளம்பும்போது, ஏன் டீச்சரின் கணவர் ஒரு நோட்டை என் கையில் கொடுத்தார். விடுமுறையிலும் பிறகு ஆஸ்பத்திரியிலும் டீச்சர் எனக்காக எழுதிக்கொண்டிருந்தாராம். என்னிடம் வந்த முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பக்கம்: தானாக என்ன செய்வார்கள், கொஞ்சம் உதவினால் என்ன செய்வார்கள் என்று. இருபத்தாறு பக்கங்கள் முடிந்திருக்கின்றன. இருபத்தேழாவது பக்கம் எலியுடையது. 'குச்சிகளைக் கையில் கொடுத்தால் கழித்தல் நன்றாகச் செய்வாள். குச்சி இல்லாமல்' என்பதோடு நிற்கிறது.