ரோஸ் கலர்ப் புள்ளி

எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவளின் முகத்தை இரண்டு வாரம் நான் பார்க்கவில்லை. தலையில் துணித் தொப்பி, வாயில் மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. கை மட்டும் தெரியும். வலது கைப் பெருவிரல் தட்டையாக, ஒரு பக்கம் சாய்ந்து இருந்தது. எட்டு மணி நேரம் இரண்டடி தள்ளி நிற்கிறோம், பேச்சு கிடையாது. எங்கள் பக்கம் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் சேர்ந்து நின்றாலே எந்த ஊர், யார் மகள், என்ன ஆட்கள் என்று கேட்டுவிடுவார்கள். பதிலைக் கேட்ட பிறகுதான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. முதல் சில நாள் அது நிம்மதியாக இருந்தது. அப்புறம், நான் மயங்கி விழுந்தால் என் பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் இல்லையே என்று தோன்றியது.

நான் கோவில்பட்டிப் பக்கம். ஏழாவது வரை படித்தேன். ஒரகடத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. என்ன வேலை என்று ஊரில் கேட்கிறார்கள். காருக்குள் நரம்பு மாதிரி வயர் ஓடும். அதைக் கட்டுகிற வேலை. ஆள் உயரப் பலகை ஒன்று சங்கிலியில் மெதுவாக நகர்ந்து வரும். போர்டு என்பார்கள். அதில் வயர்கள் விரித்திருக்கும். ஆளுக்கு ஒரு கட்டம், தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். போர்டு நம் கட்டத்தைத் தாண்டுவதற்குள் டேப் சுற்றி, கிளிப் மாட்டி, நம் நிறத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். என் நிறம் பச்சை. எனக்கு அடுத்த கட்டத்தில் நின்றவளுக்கு ரோஸ். தலைக்கு மேல் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், முடிக்க முடியாவிட்டால் அதை இழுக்கலாம். இழுத்தால் ஒரு பாட்டு ஒலித்து லைன் முழுக்க நிற்கும். 'சந்தேகம் வந்தால் இழுங்கள்' என்று முதல் நாள் சொல்லித் தந்தார்கள். இழுத்தவளை மறுநாள் கூப்பிட்டு ஏன் இழுத்தாய் என்றும் கேட்டார்கள். அதனால் யாரும் இழுப்பதில்லை.

மூன்றாவது வாரம் கேன்டீனில் ஒருத்தி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என் தட்டில் இருந்த ஊறுகாயைக் கேட்காமல் எடுத்தாள். எங்கள் ஊரில் கொடுத்தால்கூட இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குவோம். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு தலை குனிந்து சாப்பிட்டேன். பார்த்தால் என் சோற்றின் மேல் ஒரு துண்டு வறுத்த மீன் இருக்கிறது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. கையைப் பார்த்தேன். அந்தத் தட்டைப் பெருவிரல்.

"ஊறுகா சூப்பரா கீதுமே. எந்த ஊரு?" என்றாள்.

ஊறுகாய் எந்த ஊர் என்றுதான் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. அவள் பெயர் தேவகி. வல்லக்கோட்டைக்காரி. கம்பெனி நிற்கிற இடத்துக்குப் பின்னால் அவள் அப்பா வேர்க்கடலை போட்ட நிலம் இருந்ததாம். "இந்தாண்ட மோட்டார் கொட்டா, அந்தாண்ட வேப்ப மரம்" என்று பார்க்கிங்கைக் காட்டிச் சொல்வாள். அவள் ஊரிலேயே அவளும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. அறுநூறு கிலோமீட்டர் வந்தவளுக்கும் ஆறு கிலோமீட்டர் வந்தவளுக்கும் ஒரே வாசல், ஒரே சோதனை.

இப்போது கார்ட்டூன் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முப்பத்தொரு வயது. நான் கார்ட்டூன் பார்ப்பேன். கம்பெனி ஹாஸ்டலில்தான் தங்கியிருக்கிறேன், அதன் ஹாலில் ஒரு டிவி. காலை ஷிப்ட் முடித்து வந்தால் நான்கு மணிக்கு ஒரு கழுதையும் ஒரு நண்டும் வருகிற கார்ட்டூன் ஓடும். ஏதோ நாட்டில் எடுத்ததைத் தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். கழுதை கடற்கரையில் உப்பு மூட்டை சுமக்கும். நண்டு அதன் காதில் தொங்கிக்கொண்டு வழி சொல்லும். நண்டுக்கு நேராக நடக்கத் தெரியாது, அதனால் அது சொல்கிற வழியெல்லாம் கோணல். கழுதைக்கு அது தெரியும். தெரிந்தே அந்த வழியில் போகும். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயது. சீரியல் பார்க்கக் காத்திருப்பார்கள். "யக்கா, பாப்பா பாத்து முடிச்சிருச்சா? பால் குடுத்துப் படுக்கப் போடவா?" என்பாள் சிவகங்கைப் பிள்ளை ஒருத்தி. முடிகிற வரை நான் எழுந்திருக்க மாட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. ஏழாவதோடு நிறுத்தி என்னை டவுனில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்க விட்டார்கள். குழந்தைக்காக டிவியில் கார்ட்டூன் போடுவார்கள். குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு விட்டத்தைப் பார்க்கும். பார்த்தது நான்தான். குழந்தை தூங்கியதும் அந்த அம்மா வந்து டிவியை அணைத்துவிடுவார். அது கண்ணைச் செருகும்போது நான் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்புவேன். பாவம்தான். அப்படியும் பாதியில் தூங்கிவிடும். இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். ஒரு கார்ட்டூனுக்கும் முடிவு தெரியாது. புலி பூனையை மன்னித்ததா, கிணற்றில் விழுந்த வாத்தை யார் தூக்கினார்கள், இன்றுவரை தெரியாது.

கழுதையிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. அது செய்கிற நல்லதைச் சொல்லாமல் செய்யும். நண்டு தூங்கும்போது அதன் வளைக்குள் புகுந்த மணலைக் காலால் தள்ளி எடுத்துவிடும். காலையில் நண்டு எழுந்து, 'நான் எவ்வளவு சுத்தக்காரன் பார்' என்று பெருமையடிக்கும். கழுதை காதை ஆட்டும். அவ்வளவுதான். நட்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் தேவகிக்குக் கை போயிற்று. மணிக்கட்டிலிருந்து பெருவிரல் வரை வலி. அவள் கட்டத்தில் ஒரு கெட்டி கிளிப் உண்டு, பெருவிரலால் அழுத்தி மாட்ட வேண்டும். சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நானூறு தடவைக்கு மேல். அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள், உள்ளங்கையால் இடித்துப் பார்த்தாள். போர்டோடு நடந்து அடுத்தவள் கட்டம் வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வருவாள். "சொல்லிரு, டாக்டர்ட்ட போ" என்றேன். "சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவான். காண்ட்ராக்ட்டு புதுப்பிக்க இன்னும் ரெண்டு மாசம் கீது. கம்முனு இரு" என்றாள். அவள் புருஷன் ஷேர் ஆட்டோவை விற்றுவிட்டு வீட்டில் இருந்த சமயம். அவள் சம்பளம்தான் வீடு.

போர்டு முதலில் என்னிடம் வந்துதான் அவளிடம் போகும். என் கை வேகம். மறுநாள் என் கட்டத்திலேயே அவள் கிளிப்பையும் மாட்டி அனுப்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டீ இடைவேளை முடிந்து வரும்போது என் ஏப்ரன் பைக்குள் எதையோ போட்டுவிட்டுப் போனாள். ரோஸ் கலர் பேனா. அன்றிலிருந்து கிளிப்பும் நானே, அதற்குரிய புள்ளியும் நானே, அவள் டேப் மட்டும் சுற்றினாள். மூன்று வாரம் ஓடியது. எனக்குப் பெருமையாக இருந்தது. கழுதை மாதிரி காதை ஆட்டிக்கொண்டு திரிந்தேன்.

தப்பு இப்படி நடந்தது. நேரம் மிச்சம் பிடிக்க நான் புள்ளியை முதலில் வைத்துவிட்டு அப்புறம் கிளிப் மாட்டப் பழகிவிட்டேன். செய்யவே கூடாத காரியம் அது. ஒரு நாள் புள்ளி வைத்தேன், கிளிப் கை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுப்பதற்குள் போர்டு போய்விட்டது. பின்னாலேயே அடுத்த போர்டு. நான் அதைப் பிடித்தேன், போனதை மறந்துவிட்டேன். தேவகி ரோஸ் புள்ளியைப் பார்த்தாள், நம்பினாள், விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை, லைன் தொடங்குமுன் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். சூப்பர்வைசர் சார் சின்னப் பையன், டிப்ளமா படித்தவர், அதிகம் கத்த மாட்டார். அந்த வயர்க் கட்டைக் கையில் தூக்கிப் பிடித்தார். செக்கிங்கையும் தாண்டி லாரி ஏறுகிற இடத்தில் பிடித்திருக்கிறார்கள். "இந்த கிளிப் இல்லன்னா வயர் சூடான பைப்ல ஒரசும். வண்டில குடும்பத்தோட போறவன் எரிஞ்சி போவான்" என்றார். அதுவரை அந்த வயர் எங்கே போகிறது என்று நான் நினைத்ததே இல்லை. என் நல்ல மனசு எங்கேயோ ஒரு காருக்குள் போய் உட்கார இருந்திருக்கிறது.

"ரோஸ் யாரு?"

தேவகி முன்னால் போனாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"மாட்டாமலே மாட்டுனேன்னு புள்ளி வெச்சிகிற. தெரிஞ்சிதான் வெச்சியா?"

அவள் தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாய்ந்தரம் ஆபீஸ்க்கு வா. ஐடி கார்டு எட்த்துகினு வா."

ஐடி கார்டு எடுத்து வா என்றால் என்ன என்று காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். லைன் ஓடத் தொடங்கியது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும், ஒருத்தியாவது இருக்கட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். அது எனக்குப் புரிந்தது. எனக்கு வேலை போனால் ஹாஸ்டலும் போகும். ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கே அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு பாய் உண்டு, அதைச் சுருட்டி எங்கே வைப்பது என்று மதினி தினமும் கேட்பாள்.

அந்தக் கார்ட்டூனில் ஒரு கதை. கழுதை உதவி செய்யப்போய் மீன்காரியின் கூடையைக் கவிழ்த்துவிடும். பழி நண்டின் மேல் விழும். நான்தான் என்று சொல்லக் கழுதை வாயைத் திறக்கும். உடனே விளம்பரம் வந்துவிடும். விளம்பரம் முடிந்து பார்த்தால் மூன்று பேரும் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருப்பார்கள். கழுதை என்ன சொன்னது, எப்படிச் சொன்னது, குரல் நடுங்கியதா, எதையும் காட்டவில்லை. பதினொரு போர்டு தாண்டும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது போர்டு வந்தபோது கயிற்றை இழுத்தேன்.

பாட்டு ஒலித்தது. லைன் நின்றது. அத்தனை தொப்பியும் என் பக்கம் திரும்பியது. சார் ஓடி வந்தார். "இன்னாம்மா? இன்னா ஆச்சு?"

"சார், அந்தப் புள்ளி அவ வைக்கல. நான் வச்சேன்." பையிலிருந்து ரோஸ் பேனாவை எடுத்து நீட்டினேன். "அவ கை வீங்கிக் கெடக்கு. மூணு வாரமா அவ கிளிப்பையும் நான்தான் மாட்டுதேன். புள்ளிய முதல்ல வச்சுட்டேன். கிளிப்பு விழுந்துட்டு. மறந்துட்டேன்."

"அத சொல்ல லைன நிறுத்துவியா? டீ டைம்ல வந்து சொல்லக் கூடாதா?"

"அதுக்குள்ள பயந்துருவேன் சார்."

யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. தேவகியின் கையைக் காட்டச் சொன்னார். அவள் காட்டவில்லை. "எவடி உன்ன கேட்டா? எவ கேட்டா உன்ன?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடிக்குள் அழுதாள், துடைக்க முடியவில்லை.

சாயங்காலம் ஆபீஸில் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். லைனிலிருந்து எடுத்து டேப் வெட்டுகிற இடத்தில் போட்டார்கள். அங்கே ஓ.டி. கிடையாது, அதற்கு வருகிற கூடுதல் காசும் கிடையாது. தேவகியைக் கம்பெனி நர்ஸிடம் அனுப்பினார்கள். கட்டுப் போட்டு மூன்று வாரம் செக்கிங்கில் உட்கார வைத்தார்கள். அங்கே கண் இருந்தால் போதும். அனுப்பிவிடவில்லை. அவளுக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் நின்ற இரண்டு பேருக்கும் இதே கை வலி வந்து, யாரிடமும் சொல்லாமலே வேலையை விட்டு நின்றுபோனார்கள் என்று அப்போதுதான் வெளியே வந்தது. இரண்டு மாதம் கழித்து அந்தக் கிளிப்பை அழுத்த இடுக்கி மாதிரி ஒரு கருவி வந்தது. அதற்கு என்னை யாரும் பாராட்டவில்லை. லைனை நிறுத்தியதற்குப் பெயர் மட்டும் இருந்தது. 'கயிறு அக்கா' என்றார்கள்.

அவள் செக்கிங்கில் உட்கார்ந்திருந்த மூன்று வாரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. நான் சொல்லாமல் செய்ததுதான் நட்பு என்று நினைத்தேன். அதில் அவளுடைய வலியையும் சேர்த்து மூடி வைத்திருந்தேன். கழுதையைக் குறை சொல்லவில்லை. அது மணலைத்தான் தள்ளியது.

தேவகி என்னோடு பேசவில்லை. கேன்டீனில் வேறு வரிசையில் உட்கார்ந்தாள். என் தட்டில் ஊறுகாய் அப்படியே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேனோடு யாரோ சண்டை போடுகிற சத்தம். "என் தங்கச்சிய பாக்க வந்துகிறேன், நீ இன்னாய்யா பேர கேக்குற?" கையில் தூக்குச்சட்டியோடு தேவகி. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்ட்டூன்களைத் திரும்பப் போடுவார்கள். பாதி வரை பார்த்தாள்.

"இந்தக் கய்தக்கு அறிவே கெடியாதாமே? நண்டு தப்பா சொல்லுதுன்னு தெரிஞ்சிகினு போவுதே."

"ஆமா."

"உன்ன மாரியே கீது." தூக்குச்சட்டியைத் திறந்தாள். மீன் குழம்பு. "கை வலி பூடுச்சு. நேத்து நானே கொழம்பு கூட்டுனேன்."

ஹாஸ்டல் பிள்ளைகள் சீரியல் கேட்டு வந்து நின்றார்கள். "இர்ங்கடி, முடியட்டும்" என்று தேவகி அதட்டினாள். முடிகிற வரை ஒருத்தியும் ரிமோட்டைத் தொடவில்லை.

போன மாதம் இரண்டு பேருக்கும் காண்ட்ராக்ட் புதுப்பித்தார்கள். ஒரு படிவம் தந்தார்கள். சொந்த முகவரி என்ற இடத்தில் எப்போதும் போல அண்ணன் வீட்டை எழுதினேன். அதற்குக் கீழே, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உள்ளூர் ஆள் என்று ஒரு வரி உண்டு. மூன்று வருஷமாக அதில் ஒரு கோடு கிழித்துக் கொடுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த தேவகி என் பேனாவைப் பிடுங்கி, அந்த வரியில் அவள் பெயரையும் வல்லக்கோட்டை விலாசத்தையும் எழுதினாள். இரண்டு விலாசத்துக்கும் நடுவில் இருந்த உறவுமுறை என்ற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். "இன்னா போட?" என்றாள். எங்கள் ஊரில் அந்தக் கட்டத்துக்கு ஆயிரம் பதில் இருக்கும், எதுவும் இவளுக்குப் பொருந்தாது. சார் வந்து படிவத்தைக் கேட்டார், அப்படியே கொடுத்துவிட்டேன். அந்தக் கட்டம் காலியாகவே ஆபீஸுக்குப் போனது. மேலே ஒரு ஊர், கீழே ஒரு ஊர், நடுவில் ஒரு காலிக் கட்டம். இந்தத் தடவை அதில் கோடு கிழிக்கவில்லை.