இன்னொரு வாய்தா

அப்போது எனக்கு எட்டு வயசு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் அம்மாவும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பூந்தமல்லி கோர்ட்டில் ஜீவனாம்ச கேஸ் நடந்தது. எனக்காகப் போட்ட கேஸ் என்பார்கள். எனக்கு அது நைனாவைப் பார்க்கிற நாள். அவ்வளவுதான்.

வாய்தா அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மா, நான், அம்மாவின் தம்பி மூன்று பேரும் ஆவடியில் பஸ் ஏறுவோம். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைலர். ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாசத்து அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். அதைச் சொல்லி மாமா வழியெல்லாம் நைனாவைத் திட்டிக்கொண்டு வருவார். அம்மா என் சடையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டு வருவாள்.

பேர் கூப்பிடும்வரை நான் நைனாவோடு இருக்கலாம். முதல் வாய்தாவில் நான் அழுத அழுகையில் அப்படி ஆகிப்போனது. நைனா லேத்துப் பட்டறையில் வேலை. கையில் கருப்பு போகாது. என்னைத் தொடுமுன் பேண்ட்டில் துடைத்துக்கொள்வார்.

அன்றைக்கு பஸ்ஸிலேயே மாமா சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா முட்ச்சிது. மொத்தமா குட்த்துட்டு அவன் ஓசூர் போறான். இனிமே அவன் மூஞ்சில முழிக்க வேணாம்."

கேஸ் முடிந்தால் வாய்தா இல்லை. வாய்தா இல்லையென்றால் நைனா இல்லை. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் வேறு தேதி தருவார்கள். ஒரு தடவை நைனா லேட்டாக வந்து அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

கோர்ட்டு வாசலில் நைனாவிடம் பசிக்கிறது என்றேன்.

"காலைல துண்லியா?"

"பஸ்ல வாந்தி எடுத்துட்டேன்."

பொய். மாமா ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். நைனா அம்மாவைப் பார்த்தார். அவர்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "சீக்கிரம் வரச் சொல்லு" என்றாள் அம்மா, என்னிடம்.

எதிரே டிபன் கடை. ஒரு இட்லியைப் பத்தாகப் பிய்த்தேன்.

"இன்னா, கோழி மாரி கொத்தினு கீற?"

"சூடா கீது."

"அது ஆறி அர மணி நேரம் ஆச்சு."

கோர்ட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம், "வடை துண்றியா?" என்றார். சரி என்றேன்.

எதிரே கோர்ட்டு வராந்தாவில் டவாலி நைனா பேரைக் கூப்பிட்டார். ரோடு சின்னது. நன்றாகக் கேட்டது. நான் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன். பாவாடை நனைந்தது. நைனா துண்டை எடுத்துத் துடைத்தார். டவாலி இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். நைனா துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மா வராந்தாவுக்கு வந்தாள். நேராக எங்களைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவள் கூப்பிடவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் போனபோது மாமா அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"எதுருலயே ஒக்காந்து இட்லி துண்ணுகினு கீறான். ஒரு கொரல் குட்த்தா இன்னா? வர்லன்னு சொல்லி நீயே வேற தேதி கேட்டு வாங்கினு வந்து நிக்கிற. லூசா நீ?"

"நான் பாக்கல" என்றாள் அம்மா.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இருபது நாள் தள்ளித் தேதி. அந்தத் தடவை நைனா சீக்கிரமே வந்து நின்றார். இரண்டு பேரும் கையெழுத்து போட்டார்கள். ஓசூர் போனவரை நான் அப்புறம் பார்க்கவில்லை.

ஆனால் இட்லி தின்ற அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருபது நாளை விரலில் எண்ணிக்கொண்டு வந்தேன். கோர்ட்டையே நான் ஒருத்தி ஏமாற்றிவிட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போனஸ் போன வருத்தம் என்று பயந்துபோய், "இனிமே இப்டி பண்ணமாட்டேம்மா" என்றேன்.

அம்மா என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் போய்விட்டது என்று நான் தூங்கிவிட்டேன்.