ஸ்டெல்லா அக்கா பெயருக்குக் கீழே

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அக்காவுக்குக் கெட்டுப்போனது சிறுநீரகம். ஏன் கெட்டது என்று மரக்காணம் உப்பளத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். எனக்கும் அதே பழக்கம்தான்.

வேலைக்கு வந்தால் நம்மில் எந்தப் பெண்ணும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். சுற்றிலும் வெட்டவெளி, தூரத்துப் புதரில் பாம்பு, புதரை ஒட்டி லாரிகள். காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் அப்படியே வீடு திரும்பும்.

ஒருநாள் அக்கா மேஸ்திரியிடம் கழிப்பறை கேட்டார். மேஸ்திரி சிரித்தார்.

"ஏம்மா, உங்கள யாராவது புடிச்சி வெச்சிருக்காங்களா? சுதந்திரமா போயிட்டு வாங்க. நான் ஏன்னு கேட்டனா?"

நல்ல மனுஷன் என்றுகூட நினைத்தேன் நான், மண்டு. அக்கா விடவில்லை.

"நீங்க தடுக்கல, சரிங்க. தடுக்காம இருந்தா மட்டும் போதுமா? கட்டிக் குடுக்கறது உங்க பொறுப்பு. அது எங்க உரிமைங்க."

மேஸ்திரியின் முகம் மாறியது. "புடிச்சா வேலை செய், இல்லன்னா நின்னுக்கோ. அந்த சுதந்திரமும் இருக்குது" என்றார்.

மறுநாள் மனு எழுதினோம். பிளஸ் டூ படித்தவள் என்பதால் எழுதியது நான். அக்கா முதல் கையெழுத்தைப் போட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். வேலை போய்விடுமோ என்று நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"அப்புறம் போடறேன்க்கா."

"பயமா இருக்குதா? எனக்குந்தான்டி. பயத்தோடவே போடு."

நான் போடவில்லை. எழுதியவளே போடவில்லையே என்று மற்றவர்களும் போடவில்லை. மனு அக்காவின் பையிலேயே தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். அக்காவின் உதடு வெடித்திருந்தது. "இத்தினி வருஷம் கையில தண்ணி இருந்தது, குடிக்கல. இப்ப கேக்கறேன், குடுக்க மாட்றாங்க" என்று சிரித்தார். வீங்கிய என் பாதங்களை அவர் பார்த்துவிடாமல் புடவையை இழுத்து மூடிக்கொண்டேன். அந்த வீக்கம் இன்னும் வடியவில்லை.

அடக்கம் முடிந்ததும் அக்காவின் மகள் அந்தப் பையை என்னிடம் கொடுத்தாள். பாட்டில் இருந்தது. மனுவும் இருந்தது. அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இவை இரண்டும்தான். நேற்று உப்பளத்தில் அந்தப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய், எல்லோரும் பார்க்கக் குடித்தேன். பிறகு அக்காவின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

திங்கட்கிழமை மனுவோடு உப்பள ஆபீசுக்குப் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிறன்று அக்காவின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்பேன். பேனா கொண்டு வருகிறேன். என் பெயருக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது.