நீளமான கோடு என்றால் வறண்ட கிணறு

என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மழை, தண்ணீர், விளைச்சல் போன்ற கணக்குகளைப் படமாக வரைந்து காட்டினால் சனங்கள் அதை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் அவளுடைய கடைசி வருட ஆய்வு. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அப்படியும் ஒரு படிப்பு இருப்பதே அவள் சொல்லித்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பூசை முடிந்ததும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் பத்துப் பேரை மண்டபத்தில் உட்கார வைத்தாள். நானும் ஒருத்தி. ஆளுக்கொரு தாள் தந்தாள். வில்கமுவப் பக்கத்துக் கிணறு ஒன்றில் மாதாமாதம் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று அதில் நீலக் கோடுகள் தடிதடியாக நின்றன. மாதங்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான்.

“தண்ணி ரொம்ப கொறஞ்ச மாசம் எது? தொட்டுக் காட்டுங்க” என்றாள்.

பத்துப் பேரும் ஆக உயரமான கோட்டைத் தொட்டோம். அவள் முகம் வாடிவிட்டது. அதுதான் தண்ணீர் நிறைந்திருந்த மாதமாம்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. “இத இப்படியே எழுதினா, தோட்டத்து ஆளுங்களுக்குப் படம் வெளங்காதுன்னு ஆயிரும்மா. அதுக்கா நான் படிக்கப் போனேன்?” என்றாள். எனக்கும் சுருக்கென்றது. மாரியம்மா, என் பிள்ளை கையாலேயே எங்களுக்கு அந்தப் பேர் வரவேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மகள் தாளை நீட்டினாள். “பெரியம்மா, ஏன் இந்தக் கோட்டக் காட்டுனீங்க?”

“இம்புட்டு நீளத்துக்குக் கயிறு எறங்குனா தண்ணி எங்க கெடக்கு? அடியிலதான். இதெல்லாம் ஒரு கேள்வியா?” என்ற அக்கா, என் பக்கம் திரும்பினார். “ஹாஸ்டல்ல பைப்பத் தொறந்து தொறந்து ஒம் புள்ள வாளியயே மறந்துருச்சு.”

மகளுக்குக் கோபம் வரவில்லை. கிணற்றுக் கட்டிலேயே தாளை வைத்து மளமளவென்று எழுதினாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் வரைந்தது தண்ணீரின் உயரம், நாங்கள் பார்த்தது கயிற்றின் நீளம். எங்கள் கிணற்றில் தண்ணீரை நாங்கள் வேறெப்படி அளந்தோம்?

அடுத்த ஞாயிறு வேறு தாள் கொண்டுவந்தாள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கிணறு, அடியிலிருந்து நீலத் தண்ணீர், மேலிருந்து இறங்கும் கயிறு. பத்து விரலும் சரியான கிணற்றில் போய் நின்றன. “மொதல்லயே இப்படி வரைய என்னவாம்?” என்றார் அக்கா.

பழைய பதில்களை மகள் தூக்கிப்போடவில்லை. பிழை படத்தில்தான், பார்த்தவர்களிடம் இல்லை என்று இரண்டு தாள்களையும் வைத்தே ஆய்வை எழுதினாள். ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று போனில் சொன்னபோது நான் அழுதுவிட்டேன்.

அவள் வீட்டுக்கு வந்ததும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டார் ஐயர். சொன்ன வாய் அத்தோடு நிற்கவில்லை. பிள்ளையின் படிப்பு, படம், எங்களைப் பற்றி அவள் எழுதியது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். ஐயர் மட்டும் தட்டைக் கையில் ஏந்தியபடி முழுவதையும் கேட்டார்.