நாய்க்கடி ஊசியும் வசந்தாவின் புகழும்

இன்று காலை பருத்திப்பட்டில் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு பெண்மணி. ஜன்னலோரம் அவர் கணவர், காலில் கட்டுடன்.

"நாய் கட்ச்சிடுச்சும்மா. இங்க ஆஸ்பத்திரில ஊசி தீந்துடுச்சாம். அதான் வேற ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு கீறோம்."

ஊசி தீர்ந்தது எங்கள் ஆஸ்பத்திரியில். நான் அங்கே கணக்கு அதிகாரி.

"அங்க மட்டும் இருக்குமா?" என்றேன்.

"எப்பவும் கீதும்மா. வசந்தாம்மான்னு ஒருத்தங்க கணக்கு பாக்கறாங்க. மருந்து தீரவே உட மாட்டாங்களாம். நர்ஸம்மாவே சொன்னாங்க."

கணக்கு அதிகாரியை யாராவது பஸ்ஸில் புகழ்ந்து கேட்டிருக்கிறீர்களா? எனக்கு வயிறு எரிந்தது. வசந்தாவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

அப்படி என்ன செய்துவிட்டாள்? மருந்துப் பணத்தை மார்ச் வரை வைத்திருக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வாங்கச் சொல்லி நம் எல்லோருக்கும்தான் சுற்றறிக்கை வந்தது. அவள் அதன்படி வாங்கினாள். நான் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் படிக்கலாம்.

"நீ இன்னா வேல பாக்கறம்மா?"

"கணக்கு எழுதறேன்."

"எங்க?"

கணவரும் திரும்பிப் பார்த்தார்.

"அரிசி மண்டியில."

"நல்ல வேலம்மா. அதுல தப்பு பண்ணா உயிரா போவப்போவுது?"

இதை நம் கணக்கு அதிகாரிகள் சங்கப் பலகையில் ஒட்டுகிறேன். பதில் எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன். வசந்தாவைத் தவிர யார் வேண்டுமானாலும் எழுதலாம்.